கெர்னல் மேம்பாட்டுக்குப் பின் கணினி தொடங்காமை

லினக்ஸ் கணினியில் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் புதிய பதிப்பை நிறுவியபின் திரை கறுத்து நிற்பதும், ‘கெர்னல் பேனிக்’ என்று காட்டி உறைந்துபோவதும் இக்கோளாறின் அடையாளங்கள். தமிழ்நாட்டில் இதை அறிந்திருப்பது அவசியம்: 2011இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. டெபியன் எனும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது.

பெரும்பாலும் கெர்னலில் பிழை இருப்பதில்லை. வட்டைத் திறக்கத் தேவையான இயக்கிகளைச் சுமந்துவரும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு அரைகுறையாக உருவாவதே வழக்கமான காரணம். பூட் பகிர்வு தனியாக, சிறியதாக இருந்தால் பழைய கெர்னல்கள் அதை நிரப்பிவிடும். புதிய கோப்பு முழுமையாக எழுதப்படாது. கிராஃபிக்ஸ் இயக்கிகள் புதிய கெர்னலுக்கேற்ப மறுபடி தொகுக்கப்படாததும், செக்யூர் பூட் எனும் பாதுகாப்பு ஏற்பாடு கையொப்பமில்லாத இயக்கிகளை மறுப்பதும் மற்ற காரணங்கள்.

உடனே எல்லாவற்றையும் அழித்து மறுநிறுவல் செய்வது தேவையற்ற இழப்பு. பிள்ளைகளின் பாடக்கோப்புகளும் படங்களும் அதோடு போய்விடும். டெபியன் வகைகளில் முந்தைய கெர்னல் பொதுவாக அழிக்கப்படாமல் இருக்கும். தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, கிரப் எனும் தொடக்க நிரல் காட்டும் பட்டியலின் மேம்பட்ட தேர்வுகளில் அதைத் தேர்ந்தால் கணினி எழுந்துவிடும். பிறகு பயன்படாத கெர்னல்களை நீக்கி இடம் ஏற்படுத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கி, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். பழைய கெர்னலும் எழவில்லையெனில், லைவ் பென்டிரைவில் தொடங்கி, வட்டை இணைத்து, அந்த வட்டிலுள்ள அமைப்புக்குள் நுழைய உதவும் சிஹெச்ரூட் கட்டளை வழியாக அதே வேலைகளைச் செய்யலாம்.