பதிவேட்டில் இல்லாத ஆமை

தூர்வாரும் கப்பலில் பத்தொன்பது வருடம் பைப் ஆபரேட்டராக இருந்தவன் நான். கப்பலின் இரண்டு பக்கமும் கடலுக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய்களை இயக்குவது என் வேலை. குழாயின் நுனியில் இருக்கும் இரும்பு வாய்க்கு டிராக்ஹெட் என்று பெயர். அது தரையை உரசிக்கொண்டே வர, பம்ப் சேற்றையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சி, ஹாப்பர் என்கிற கப்பலின் வயிற்றில் கொட்டும். கீழே என்ன கிடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. மானிகளின் முள்ளை வைத்துத்தான் கடலடியைப் படிப்போம்.

கிழக்குக் கரையின் ஒரு துறைமுகத்தில், ஒரு மாசி மாதம், ஹாப்பரைக் கழுவும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டுத் துண்டு கையில் கிடைத்தது. அப்பா காசிமேட்டில் வலை இழுத்தவர். பங்குனி ஆமையின் ஓட்டை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை கன மீட்டர் மண், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை நிமிடம் ஓட்டம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் பதிவேட்டில் கட்டம் உண்டு. ஆமைக்குக் கட்டம் இல்லை. துண்டைக் கடலில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்று போட்டது மனதில் மூழ்கவே இல்லை. இப்படிச் செத்த ஆமையை எங்கேயாவது, யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன்.

எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், ராக்கெட் ஏவும் ஊராக நாம் அறிந்த கேப் கனாவரலில். அங்குள்ள துறைமுகத்துக்கு நீர்மூழ்கிக் கப்பல்களும் வரும் என்பதால் நுழைவுக் கால்வாயை ஆழமாக வைத்திருந்தார்கள். 1978 குளிர்காலத்தில் இறால் படகுகளின் வலையில், உடம்பெல்லாம் சேறு அப்பிய பெருந்தலை ஆமைகள் விறைத்துப்போய் ஏறின. ஆர்ச்சி கார் என்ற ஆமை அறிஞரும் சக ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்தார்கள். குளிருக்கு அடக்கமாக, கால்வாயின் சேற்றில் ஆமைகள் புதைந்து கிடந்திருக்கின்றன. கப்பலுக்காக மனிதன் வெட்டிய பள்ளம் அவற்றுக்குப் படுக்கையாகிவிட்டது.

அதே கால்வாயைத்தான் 1980இல் தூர்வாரினார்கள். அழியும் நிலையிலுள்ள உயிர்களுக்கான சட்டம் 1973இலேயே வந்திருந்தது. பெருந்தலை ஆமையும் 1978இல் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்திருந்தது. ஆகவே கப்பலில் கண்காணிப்பாளர்கள் ஏறினார்கள். சில மாதங்களில் அவர்கள் எண்ணியது 71 ஆமைகள். பம்புக்குள் போன உடல் முழுசாக வெளியே வராது. ஒரு துடுப்பு, ஓட்டின் ஓரம், ஒரு தலை என்று துண்டுகளைச் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். அந்த வேலையின் பாரம் ஹாப்பரைக் கழுவியவனுக்குப் புரியும்.

அந்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் சும்மா இருக்க முடியவில்லை. முதலில் இழுவலைப் படகுகளை விட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகளைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சில திரும்பி வந்தன. அடுத்து, பொறியாளர்கள் டிராக்ஹெட்டையே மாற்றப் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் விக்ஸ்பர்க் ஆய்வு நிலையம் ஒரு தடுப்பை வடிவமைத்தது. ஏர்க்கொழு போல முன்பக்கம் கூர்ந்த இரும்புத் தகடு அது. தரையைக் கொஞ்சம் கீறிக்கொண்டு போகும்போது முன்னால் மணல் அலையாகப் புரளும். அந்த மணலோடு ஆமையும் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். காங்கிரீட்டில் ஆமை வார்த்துக் கடலடியில் போட்டுச் சோதித்த பிறகே உயிருள்ள ஆமைகள் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள்.

தகடு மட்டும் போதாது, ஆபரேட்டரின் கையும் பழக வேண்டும். டிராக்ஹெட் தரையில் அழுந்திய பிறகே பம்பை ஓட்ட வேண்டும்; தூக்கும் முன் நிறுத்த வேண்டும். அந்தரத்தில் உறிஞ்சும் குழாய்க்கு முன்னால் எந்தத் தகடும் உதவாது. வேலைக்குக் காலமும் குறித்தார்கள். தென்கிழக்கு அமெரிக்கக் கரையில், கனாவரலைப் போலன்றி ஆமைகள் குளிருக்குப் பதுங்காத பல கால்வாய்களில், தண்ணீர் குளிர்ந்து அவை விலகியிருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் ஹாப்பர் கப்பல் ஓடியது. மண் விழும் இடத்தில் கம்பிவலைப் பெட்டி. அதில் சிக்குவதைப் பார்த்து எழுத ஒரு ஆள். இத்தனை ஆமைக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள்.

நம் நாட்டில் ஒடிசாவின் தாம்ரா துறைமுகம் கட்டும்போது இந்தத் தடுப்பு வந்தது. பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் கரையேறும் கஹிர்மாதா பக்கத்தில் இருப்பதால், அங்கே துறைமுகமே கூடாது என்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பின் நடுவில்தான் டிராக்ஹெட்களில் தகடு ஏறியது.

என் கடைசி ஆறு வருடத்தில் எனக்குக் கீழே பழகிய பையன்களுக்கு முதல் பாடமாகச் சொன்னது ஒன்றுதான்: "தரை தொடட்டும், அப்புறம் பம்ப்." இரண்டாவது பாடம், கண்டதை எழுது. கனாவரலில் அந்த 71ஐ எழுதாமல் விட்டிருந்தால் தகடும் இல்லை, காலக்கெடுவும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு கட்டம் போட்டு எழுதிய பிறகுதான் அந்தச் சாவுக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டிவந்தது.

நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மாசி மாதம், வலப்பக்கக் குழாய், பங்குனி ஆமை, ஒன்று.