ஐம்பதுக்கு ஐம்பது: காவிரிப் படுகையில் இரு டூ-ஸ்ட்ரோக் வண்டிகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பழைய வண்டி வாங்கி விற்பவரிடம் டூ-ஸ்ட்ரோக் என்று வாயெடுத்தால், பேச்சு யமஹா ஆர்எக்ஸ் 100-இல் போய்த்தான் நிற்கும். அதன் சத்தம், அதன் பாய்ச்சல், இன்று அது கேட்கும் விலை. ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக்கின் தமிழக வரலாறு வேகத்தின் வரலாறாகவே நம் நினைவில் தங்கிவிட்டது. நெல் விளையும் படுகையைப் பொறுத்தவரை இது பாதிக் கதை என்பதே என் வாதம். மறுபாதி ஓசூருக்கு உரியது.

1984-இல் ஓசூர் ஆலையிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வெளிவந்தது. மறு ஆண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு கூட்டுச் சேர்ந்து ஆர்எக்ஸ் 100-ஐ இறக்கியது. இரண்டிலும் சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 50 மி.மீ.; கொள்ளளவு 98 கன செ.மீ. ஓசூர் வண்டியின் வழியில் பின்னர் மேக்ஸ் 100 வந்தது. ஆர்எக்ஸ் 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தந்தது. மேக்ஸ் 5,500 சுற்றையொட்டி ஏறக்குறைய 8-தான் தந்தது. விளம்பரம் படிப்பவருக்கு இது மூன்று குதிரை வித்தியாசம்.

ஆனால் திறன் என்பது முறுக்குவிசையைச் சுழல்வேகத்தால் பெருக்கிய தொகை. 11-ஐ 7,500-ஆலும், 8-ஐ 5,500-ஆலும் வகுத்துப் பார்த்தால் ஈவு கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் இரு இன்ஜின்களும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குகின்றன. ஆர்எக்ஸ் அதைக் கூடுதல் சுற்றுகளில் செய்கிறது, அவ்வளவே. அதன் உச்ச முறுக்குவிசை கிடைப்பதே 6,500 சுற்றில்.

ஒரே அளவுள்ள சிலிண்டருக்கு இரு குணங்கள் எப்படி வாய்த்தன? டூ-ஸ்ட்ரோக்கில் தலைப்பகுதி வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. புகை வெளியேறும் துளையைச் சற்று உயர்த்தினால் அது முன்னதாகத் திறக்கும். அதிவேகச் சுழற்சியில் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும், தாழ்ந்த சுழற்சியில் வலு குன்றும். தாழ்த்தினால் பலன் தலைகீழ். சைலன்சரின் வயிற்று வடிவமும் இதில் சேர்த்தி. அதற்குள் ஓடித் திரும்பும் அழுத்த அலை, நழுவப் பார்க்கும் புதுக்கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது, ஆனால் குறிப்பிட்ட சுழல்வேக எல்லைக்குள் மட்டும். (இந்த அலைக்கணக்கைக் கிழக்கு ஜெர்மனியில் பொறியாளர் வால்டர் காடன் வளர்த்தெடுத்தார். 1961-இல் அவருடைய வண்டிகளை ஓட்டிய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் அங்கிருந்து தப்பியோடிச் சுசுகியில் சேர்ந்தபோது அந்த அறிவும் கூடவே போனது. மேக்ஸின் சாதுவான முகத்தைப் பார்த்தால் இப்படியொரு பூர்வீகம் இருக்குமென்று யாரும் நினைக்கமாட்டார்கள்.) யமஹா நுழைவாயிலில் ரீட் வால்வு வைத்து, தாழ்ந்த சுழற்சியில் கலவை பின்னோக்கிக் கக்குவதைத் தடுத்தது. அதனால்தான் ஆர்எக்ஸ் ஊருக்குள்ளும் முரண்டு பிடிக்காமல் ஓடியது.

இனிப் படுகைக்கு வருவோம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவைக்கான விதை, உரம், ஆள் எல்லாம் சில வாரங்களுக்குள் நகர வேண்டும். வெண்ணாறு, வெட்டாறு, கிளை வாய்க்கால்களின் கரைகளே பல ஊர்களுக்குப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நடுவே மழை பட்டால் வழுக்கும் களிமண். பின்னால் ஐம்பது கிலோ மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்தக் கரையில் 7,500 சுற்றை எட்ட யாருக்கும் வாய்ப்பில்லை. இரண்டாவது கியரில் இன்ஜின் திணறாமல் இழுக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு 11 என்ற எண் பதில் சொல்லாது.

ஆர்எக்ஸில் மூட்டை ஏற்றிய விவசாயிகளும் உண்டு என்று மறுக்கலாம். உண்டு. இழுக்கும் வல்லமை அதற்கும் இருந்தது என்பதை மேலே சொன்ன வகுத்தலே காட்டுகிறது. என் ஐயம் வேறு: எந்த வண்டி எஞ்சியதோ அதை வைத்தே வரலாறு எழுதுகிறோமா? உற்பத்தி 1996-இல் நின்ற ஆர்எக்ஸ், கொட்டகையில் படுதா போர்த்தி வைக்கப்பட்டது. போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, இன்றும் பெயின்ட் பளபளக்க வருகிறது. சுமை இழுத்த மேக்ஸ் தேயும்வரை ஓடிப் பழைய இரும்புக்குப் போனது. அதிகம் உழைத்த வண்டிக்குச் சான்று குறைவு. ஏர்க்கலப்பையை விட்டுவிட்டு வாளை மட்டும் சேகரிக்கும் அருங்காட்சியகத்தின் கோளாறு இது.

எரியாத கலவை புகையோடு வெளியேறுவது டூ-ஸ்ட்ரோக்கின் பிறவிக் குறை. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, இரு வண்டிகளும் விடைபெற்றன. மேக்ஸைத் தந்த அதே ஓசூர் நிறுவனத்தின் சுமைதாங்கியான எக்ஸ்எல் மொபெட் மட்டும் பெட்ரோலில் ஆயில் கலந்து குடித்தபடி வெகுகாலம் தாக்குப்பிடித்தது. 2015-இல் அதற்கும் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்எல் 100 வந்தது. திறன் நான்கு குதிரைக்குச் சற்றே மேல். உச்ச முறுக்குவிசை கிடைப்பதோ வெறும் 3,500 சுற்றில்.