காலணா கார்டில் வந்த பர்மா

மேலூர், திருப்பத்தூர், சிவகங்கைப் பக்கம் ஒரு நாள் சுத்தினா 'பர்மா'ங்கிற சொல்லை நாலு தடவையாவது கேட்டுருவீங்க. பழைய வீட்டு நிலைக்கதவைத் தட்டிப் பார்த்து "பர்மா தேக்குப்பா"ன்னு சொல்லுவாங்க. ஊருக்கு ஊர் ஒரு 'பர்மாக்காரர் வீடு' இருக்கும். காரைக்குடியிலயும் தஞ்சாவூர்லயும் பர்மா காலனி இருக்கு. விருதுநகர் போனா பர்மா கடையில புரோட்டா. சென்னையில இருக்கிற உங்களுக்கு பர்மா பஜார் தெரியும்.

இந்தத் தொடர்பெல்லாம் கப்பல்ல வந்தது. அந்தக் கப்பல்லயே தபால் மூட்டையும் வந்துச்சு. இன்னைக்கு எழுதப்போறது அந்த மூட்டையில வந்த கார்டு, கவர், ஸ்டாம்பு, முத்திரை பத்தித்தான். ஸ்டாம்பு சேர்க்கிறது சின்னப் பிள்ளைங்க வேலைன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துப் படிங்க. உங்க தாத்தா பேர் எந்த வரலாற்றுப் புத்தகத்துலயும் இருக்காது. ஆனா ஒரு பர்மா கார்டுல இருக்க வாய்ப்பிருக்கு.

ஸ்டாம்பு இந்தியா, முத்திரை பர்மா

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். ரொம்ப காலம் பர்மாவுக்குன்னு தனி ஸ்டாம்பே கிடையாது. வெள்ளைக்காரன் பர்மாவை மூணு சண்டையில பிடிச்சான்: 1824-26, 1852, 1885. இந்தியா முழுக்க ஸ்டாம்பு வந்தது 1854 அக்டோபர்ல. அப்பவே ரங்கூனும் பெகுவும் கம்பெனி கையில. அதனால இந்திய ஸ்டாம்பையே அங்கயும் ஒட்டினாங்க. 1937 மார்ச் 31 வரைக்கும், அதாவது 82 வருஷம், இதே கதைதான்.

அப்ப இந்தக் கவர் மதுரையில போட்டதா, மாந்தளையில போட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முத்திரைதான் ஒரே வழி. 1855 வாக்குல ஒவ்வொரு தபாலாபீசுக்கும் ஒரு நம்பர் கொடுத்தாங்க. பர்மா ஆபீசுகள் வங்காளத் தபால் வட்டத்துல இருந்ததால முன்னால 'பி' எழுத்து. ரங்கூனுக்கு பி 156, மோல்மீனுக்கு பி 127. அதே வரிசையில சிங்கப்பூருக்கு பி 172. பின்னால ஊர்ப்பேரும் தேதியும் போட்ட வட்ட முத்திரை வந்துருச்சு.

ஸ்டாம்பை மட்டும் கிழிச்சு தண்ணியில ஊறப்போட்டு ஆல்பத்துல ஒட்டினா அது வெறும் விக்டோரியா ராணி தலை. கிலோ கணக்குல கிடைக்கும். ஸ்டாம்பு, முத்திரை, விலாசம் மூணும் ஒரே கவர்ல இருந்தாத்தான் அது பர்மா. கிழிச்ச நிமிஷத்துல பர்மா காணாமப் போயிருது.

ஏன் போனாங்க?

சம்சாரிக்கு இது புரியும். நம்ம பக்கம் கம்மாய்ப் பாசனமும் வானம் பார்த்த பூமியும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல சனம் செத்து விழுந்துச்சு. முல்லைப் பெரியாறு தண்ணி வந்ததே 1895லதான், அதுவும் எல்லா ஊருக்கும் வரலை. அந்தப் பக்கம் ஐராவதி டெல்டாவில காட்டை அழிச்சு வயலாக்கிக்கிட்டிருந்தாங்க. கீழ் பர்மாவில 1850-கள்ல 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவா இருந்த நெல் சாகுபடி, 1930-களின் நடுவுல 87 லட்சம் ஏக்கர். 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு உலகமே சந்தையாச்சு.

கடன் கொடுக்க நகரத்தார் போனாங்க. அறுக்க, மூட்டை தூக்க, ஆலையில வேலை பார்க்க மத்தவங்க போனாங்க. 1930 வாக்குல பர்மாவில 1,600-க்கு மேல செட்டியார் கடைகள். 1931 கணக்கெடுப்புல ரங்கூன் சனத்தொகை 4 லட்சம். அதுல 2 லட்சத்துக்கு மேல, பாதிக்கும் அதிகமா, இந்தியர்கள். தெலுங்கர், வங்காளி, ஒரியாக்காரர், தமிழர் எல்லாரும் சேர்த்து.

அத்தனை பேரையும் ஊரோட கட்டிவெச்சது காலணா கார்டு. 1879 ஜூலையில இந்தியாவில போஸ்ட் கார்டு வந்தப்ப விலை காலணா. ரங்கூனும் அதே சர்க்கார்ங்கிறதால, மேலூர்ல இருந்து மதுரைக்குப் போட்டாலும் ரங்கூனுக்குப் போட்டாலும் அதே கார்டுதான். கடல் தாண்டிப் போனவனுக்கு அது வெளிநாடாவே தெரிஞ்சிருக்காது.

ஒரு கார்டை எப்படிப் படிக்கிறது

தலைப்புல பிள்ளையார் சுழி, நகரத்தார் கடுதாசின்னா 'சிவமயம்'. நலம் விசாரிப்பு. அப்புறம் மழை, மாடு, வட்டி, யாருக்குக் கல்யாணம். இது உள் விஷயம். வெளிப் பக்கத்தையும் அதே கவனத்தோட பார்க்கணும்.

முன்பக்கம் போட்ட இடத்து முத்திரை. பின்பக்கம் திருப்பினா வழியில பட்ட முத்திரைகளும் வந்து சேர்ந்த முத்திரையும் இருக்கலாம். ரெண்டு தேதியையும் கழிச்சா எத்தனை நாள் பயணம்னு தெரிஞ்சிரும். இங்கிலீஷ் முத்திரையில மதுரைன்னு இருக்காது, 'மதுரா'ன்னு இருக்கும். சிவகங்கை, காரைக்குடிப் பக்கத்து விலாசத்துல மாவட்டம் மதுரான்னு எழுதியிருந்தா அது பெரும்பாலும் 1910-க்கு முந்தினது. ராம்நாடு ஜில்லான்னு இருந்தா அதுக்குப் பிந்தினது. ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரிச்சது 1910லதான். முத்திரைத் தேதி அழிஞ்ச கவருக்கு வயசு சொல்ல இது உதவும்.

நகரத்தார் கவர்னா கடை 'விலாசம்' (அவங்க கடைப் பேரையே விலாசம்னுதான் சொல்லுவாங்க), மொகல் தெரு, ரங்கூன். அந்தத் தெருவிலதான் கிட்டங்கிகள் வரிசையா இருந்துச்சு. ஒரு கிட்டங்கியில பல கடைக்காரங்க ஆளுக்கொரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து தொழில் பார்த்தாங்க. மூணு வருஷக் கணக்குக்குப் போன மேலாளும் பெட்டியடிப் பையனும் ஊர்ச் சேதி தெரிஞ்சுக்கிட்டது இந்தக் கவர்கள்லதான்.

நம்ம பக்கத்துக் கார்டுகளுக்கு இன்னொரு அடையாளம் உண்டு, நடுவுல ஒரு ஓட்டை. படிச்ச கடுதாசியை உத்தரத்துல தொங்குற கம்பியில குத்தி வைக்கிறதுதான் வழக்கம். ஏலத்துல இந்த ஓட்டைக்கு விலையைக் குறைப்பாங்க. எனக்கு ஓட்டை இருந்தாத்தான் பிடிக்கும். அது ஒரு வீட்டுல இருந்து வந்த கார்டுன்னு அர்த்தம்.

நாலு மூலையிலயும் மஞ்சள் தடவின கார்டு கிடைக்கும். முனையில கருப்பு மை தடவின கார்டு கிடைக்கிறது கஷ்டம். சாவுச் சேதியைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுருவாங்க, வீட்டுக்குள்ள வைக்க மாட்டாங்க. அதனால நம்ம கையில இருக்கிற பர்மாக் கடுதாசிகளை மட்டும் படிச்சா எல்லாரும் சுகமா வாழ்ந்த மாதிரி இருக்கும். காலராவிலயும் ஆலை விபத்துலயும் போனவங்க கார்டெல்லாம் அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சு.

படக் கார்டு தனி ரகம். ரங்கூன்ல பிலிப் கிளியர்னு ஒரு ஜெர்மானியரும் டி.ஏ. அஹூஜாங்கிற இந்தியரும் போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தாங்க. அஹூஜா கார்டுகள் ஜெர்மனியில அச்சாகி கலர்ல வரும். ஷ்வேடகோன் கோயில், தேக்கு இழுக்கிற யானை, சுருட்டுப் பிடிக்கிற பெண். அழகுதான். ஆனா அது பயணிக்குக் காட்டின பர்மா. ரெண்டு வரி எழுதின காலணா கார்டுதான் நம்ம ஆளு பார்த்த பர்மா.

மூணு சர்க்கார், ஒரே உழவன்

1937 ஏப்ரல் 1-ல பர்மாவை இந்தியாவில இருந்து பிரிச்சாங்க. புது ஸ்டாம்பு அடிக்க நேரமில்லை. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ஸ்டாம்பு மேலயே 'பர்மா'ன்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சு வித்தாங்க. 3 பைசாவில (அந்தக் காலத்துப் 'பை') இருந்து 25 ரூபாய் வரைக்கும் 18 வகை. நேத்து வரைக்கும் ஒரே நாடு, இன்னைக்கு வேற நாடுங்கிறதை சாமானிய மனுஷன் கையில தொட்டுப் பார்த்தது இந்த ஸ்டாம்புலதான்.

1938 நவம்பர்ல சொந்தப் படங்களோட ஸ்டாம்பு வந்துச்சு. ராஜா படகு, தேக்கு இழுக்கிற யானை, ஐராவதி ஆத்துல பாய்மரம். அதோட வயல்ல ஏர் உழுகிற ஒரு சம்சாரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டாம்பு அது.

1941 டிசம்பர் 23 ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 மார்ச் 8 ஊரே அவன் கையில. பர்மிய விடுதலைப் படைக்காரங்க டெல்டா ஊர்கள்ல, ஹென்ஸாடா, மியாங்மியா, பியாபோன்ல, ஆறாம் ஜார்ஜ் முகத்து மேல மயில் முத்திரை அடிச்சு ஸ்டாம்பு விட்டாங்க. (சந்தையில இந்த மயிலுக்குப் போலி நிறைய. தெரியாம பணம் கொடுத்துராதீங்க.) ஜூன் மாசம் ஜப்பான் ஆட்சி புதுசா ஒரு ஸ்டாம்பு அடிச்சுச்சு. அதுலயும் உழவன். நேதாஜியோட ஆசாத் ஹிந்த் அரசுக்காக 1943ல ஜெர்மனியில ஸ்டாம்பு அச்சானது. கடைசி வரைக்கும் தபாலுக்கு வரலை, ஆனா அதுலயும் ஒரு படம் ஏர் உழுகிறவன்.

யுத்தத்துல இருந்த மூணு தரப்பும் ஸ்டாம்புல உழவனைப் போட்டாங்க. நிசத்துல உழவன் கதி என்ன? 1930-கள் மந்தத்துல நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாம, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் செட்டியார் கடைகள் பேருக்கு வந்துருச்சு. கடன் கொடுத்தவன் நிலத்தைக் கேட்டு வாங்கலை, பணத்தைத்தான் கேட்டான். ஆனா நிலம் போனவனுக்கு அந்த வித்தியாசம் என்ன செய்யும்? இந்தியர்களுக்கு எதிரா 1930லயும் 1938லயும் கலவரம் வெடிச்சப்ப அடி வாங்கினவங்கள்ல மூட்டை தூக்கினவங்களும் உண்டு. நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்க்கும்போது அந்த டெல்டா சம்சாரியையும் நினைக்கணும்.

கவரே இல்லாத மூணு வருஷம்

1942ல நாலு அஞ்சு லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க. பெரும்பாலானவங்க நடந்து. மணிப்பூர், அசாம், அரக்கான் வழியில பல்லாயிரம் பேர் செத்தாங்க. ரங்கூன்ல 'ஜோதி' பத்திரிகை நடத்திக்கிட்டிருந்த வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்ததைப் பின்னால புத்தகமா எழுதினார். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' படத்தோட முடிச்சும் இதுதான்: ரங்கூன்ல அண்ணன்மார், மதுரையில தங்கச்சி, நடுவுல யுத்தம். இன்னைக்குப் பார்க்கிறவங்களுக்கு அது கதை. அன்னைக்குத் தியேட்டர்ல அழுதவங்கள்ல பாதிப் பேருக்காவது அது பக்கத்து வீட்டு விஷயம்.

சேகரிப்புல இந்த இடம் வெத்தா இருக்கும். 1942 தொடக்கத்துல போட்டு, சேவை நிறுத்தம்னு திரும்பி வந்த கவர் ஒண்ணு ரெண்டு கிடைக்கலாம். அதுக்கப்புறம் 1945 வரைக்கும் ரங்கூனுக்கும் மதுரைக்கும் நடுவுல எதுவும் கிடையாது. உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரியாம தாலியைக் கழட்டவும் முடியாம வெச்சிருக்கவும் முடியாம இருந்த பெண்கள் கதை இங்க ஊர் ஊருக்கு உண்டு. அதுக்கு ஸ்டாம்பு கிடையாது.

1945ல வெள்ளைக்காரன் திரும்பினதும் ராணுவ நிர்வாகம்னு அச்சடிச்ச ஸ்டாம்போட கடுதாசி மறுபடி வந்துச்சு. 1948 ஜனவரி 4 பர்மா சுதந்திரம். அதுக்கப்புறமும் ஸ்டாம்புல ரூபாய், அணாதான். 1952ல கியாட் வந்த பிறகுதான் கணக்கு மாறுச்சு. 1962ல நெ வின் ஆட்சியைப் பிடிச்சார். 1964ல கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. அடுத்த சில வருஷத்துல ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் கையில ஒண்ணுமில்லாம கப்பலேறினாங்க. அவங்களுக்காக வந்ததுதான் பர்மா காலனிகள். வராம அங்கயே தங்கினவங்களும் இருக்காங்க. அவங்க எழுதின ஏர்மெயில்ல நாட்டுப் பேர் மாறுறதைக் கூடப் பார்க்கலாம். 1989க்குப் பிறகு பர்மா போய் மியான்மர்.

செய்ய வேண்டியது

பழைய வீடு இடிக்கும்போது தேக்குத் தூணுக்கு விலை பேசுறவங்க, பரண் மேல இருக்கிற கடுதாசிக் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிப் போடுறாங்க. கொஞ்சம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருது. அங்க வந்தாலும் ஸ்டாம்பு தனியா, கடுதாசி தனியாப் பிரிஞ்சு போயிருது.

உங்க வீட்டுல அப்படி ஒரு கட்டு இருந்தா ஸ்டாம்பைக் கிழிக்காதீங்க. லேமினேஷன் பண்ணாதீங்க, செலோ டேப்பும் பசையும் போடாதீங்க. கம்பியில இருந்து மெதுவா உருவி, ஈரமில்லாத இடத்துல தட்டையா வைங்க. ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. வெச்சிருக்க முடியலைன்னா பொறுப்பான நூலகத்துக்குக் கொடுங்க. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் ஒத்தை ஆளாச் சேர்த்த புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகையெல்லாம்தான் 1994ல சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாச்சு.

எல்லாத்துக்கும் முன்னால, யாருக்கு யார் எழுதினதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டு ஒரு தனித்தாள்ல எழுதிக் கட்டோட வைங்க. 1964ல பத்து வயசுல கப்பல்ல வந்த பிள்ளைக்கு இன்னைக்கு எழுபது தாண்டிருச்சு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கேட்டுருங்க.