நாரத்தையும் நெரான்ட்சியும்

கனியொன்று நாடுவிட்டு நாடு செல்லுமிடத்து அதன் பெயரும் உடன் செல்லுதல் இயல்பு. ஆதலின் பழப்பெயர்களை ஆராய்வார்க்குப் பண்டை வாணிகத்தின் வழிகள் புலனாகும். கிரேக்க மொழியிலே புளிப்புத் தோடையைக் குறிக்கும் 'நெரான்ட்சி' என்னுஞ் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

பண்டைக் கிரேக்கர் இக்கனியை அறியார். தியோபிராசுத்தசு என்னும் அறிஞர் மீதிய நாட்டு ஆப்பிள் என வருணித்தது அவ்வினத்ததாகிய வேறொரு தடித்தோற் கனியேயாம். புளிப்புத் தோடையை 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளில் சிசிலி, இசுபானியா ஆகிய நாடுகளிற் பரப்பியவர் அராபியர். வடமொழி 'நாரங்கம்' பாரசீகத்தில் 'நாரங்' ஆயிற்று. அரபில் 'நாரஞ்சு' ஆயிற்று. வெனிசியர் வாயில் 'நாரன்சா' ஆகிக் கிரேக்கத்தை அடைந்தது.

இனிப்புத் தோடைக்கோ கிரேக்கர் 'போர்த்தொகாலி' என்பர். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் அதனைப் பரப்பியமையின் அவர் நாட்டுப் பெயரே கனிக்கும் ஆயிற்று. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்து 1658 வரை ஆண்ட பறங்கியரும் அவரே. எனவே இனிய கனியின் பெயரொன்றிற் கிரேக்கர் நினைவுகூரும் இனத்தாரை, நாம் அரசிழந்த கதையில் நினைவுகூர்கின்றோம்.

இனி, 'நாரங்கம்' எம்மொழிச் சொல்? அது திராவிட மூலமுடையதென மொழிநூலார் பலர் கருதுவர். நம் 'நாரத்தை' அதனோடு உறவுடையது. குறிஞ்சிப்பாட்டிலும் புறநானூற்றிலும் 'நரந்தம்' வருகின்றது. ஆயினும், நரந்தம் என்பதற்கு நறுமணப் புல் எனப் பொருள் கொள்வாரும் உளர். அன்றியும், இவ்வினக் கனிகளின் தாயகம் வடகிழக்கு இந்தியாவும் தென்சீனமும் சார்ந்த நிலமே. கனியின் பிறப்பிடம் வேறு, சொல்லின் பிறப்பிடம் வேறு என்பது தெளிவு.

ஈண்டு எச்சரிக்கை வேண்டும். 'அரிசி'யினின்றே கிரேக்க 'ஒரூசா' பிறந்ததெனக் கால்டுவெல் 1856 இல் வெளிவந்த தம் நூலில் உரைத்தார். நாமும் அதனை மேடைதோறும் முழங்கினோம். அச்சொல் பழைய ஈரானிய மொழி வழியாகச் சென்றதென்பதே பின்வந்தோர் பலரின் முடிபு. மொழிப்பற்று ஆராய்ச்சியைத் தூண்டலாம், சான்றுக்கு ஈடாகாது. மாணவர்க்கு நாம் முதலிற் கற்பிக்கவேண்டியது இதுவே.

உலகைச் சுற்றிய அச்சொல் ஆங்கிலத்தின் வழியே 'ஆரஞ்சு' எனத் தமிழகத்துக்கு மீண்டது. யாழ்ப்பாணத்து நாமோ சிங்களத்துத் 'தொட'த்தோடு ஒத்த 'தோடம்பழம்' என்னும் பெயரையே வழங்குகின்றோம். 'நாரத்தை' நம் ஊறுகாய்ச் சாடியில் உள்ளது. நெடுந்தூரம் சென்று மீண்ட சொல்லை அயற்சொல்லென எண்ணி, அதன் உறவை வீட்டிலே வைத்திருத்தல் வியப்பன்றோ!