குழாயும் பட்டாவும்: சேலம் – நாமக்கல் சமவெளியில் ஊர்ச் சுகாதாரத்தின் வரலாறு



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாக இந்த உரையை ஆற்றுகிறேன். அவரைப் பற்றிப் பேசும்போது ‘பறையன்’ இதழையும், வட்டமேசை மாநாட்டையும், 1932 புனா ஒப்பந்தக் கையெழுத்தையும் சொல்கிறோம். சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்தவும் எந்த வகுப்பாருக்கும் தடையில்லை என்பது அந்தத் தீர்மானம். அரசு அதை ஏற்று ஆணையிட்டது. அந்தச் சாலையும் கிணறும் பெரும்பாலும் நகராட்சிகளின், ஜில்லா போர்டுகளின், தாலுகா போர்டுகளின் பொறுப்பில் இருந்தவை. ஆகவே அவர் கேள்வி கேட்டது உள்ளாட்சியை நோக்கி என்றும் சொல்லலாம். அந்த உள்ளாட்சி எங்கள் சமவெளியில் சுகாதாரம் என்ற பெயரில் என்ன செய்தது என்பதே இன்றைய பேச்சு.

ஒரு நோட்டீஸிலிருந்து தொடங்குகிறேன். என் அவ்வா ஒரு சிறு நகரத்தில் எடுப்புக் கக்கூஸ் வேலை பார்த்தவர். நகராட்சி கட்டிக்கொடுத்த லைன் வீட்டில்தான் என் அம்மா பிறந்தார், நானும் பிறந்தேன். அவ்வா ஓய்வுபெற்ற பிறகு ஒரு காகிதம் வந்தது. கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது, சுகாதாரத்துக்குக் கேடு, காலி செய்க என்று எழுதியிருந்தது. ஓடு ஒழுகியது உண்மை, சுவர் விரிசல் விட்டிருந்ததும் உண்மை. ஓட்டை மாற்றச் சொல்லி அவ்வா எத்தனையோ முறை மேஸ்திரியிடம் கெஞ்சியிருக்கிறார். அப்போதெல்லாம் அந்த வீடு சுகாதாரக் கேடாக யாருக்கும் தெரியவில்லை. அவர் வேலையை விட்டு நின்ற பிறகுதான் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்துச் சமூகவியல் படித்தபோது, அந்தக் காகிதத்துக்கு நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருப்பதைப் புரிந்துகொண்டேன்.

வரி கட்டியவரின் சபை

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866இல் சேலம் நகராட்சி உருவானது. தெரு கூட்டுவது, சாக்கடை வெட்டுவது, விளக்கு வைப்பது, இவற்றுக்கு வரி போடுவது என்று அதன் வேலைகள் இருந்தன. பத்தே ஆண்டுகளில், 1876 – 78இல், தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 19 லட்சத்து 67 ஆயிரத்தை ஒட்டியிருந்தது. 1881இல் அது ஏறக்குறைய 16 லட்சம். பசியோடு காலராவும் சேர்ந்து ஊர்களைக் காலி செய்தது. நிலமும் தானியக் குதிரும் இல்லாதவர்களே முதலில் விழுந்தார்கள்.

1884இல் நகராட்சிகளுக்கு ஒரு சட்டம், கிராமப்புறத்துக்கு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று இன்னொரு சட்டம் வந்தன. தேர்தலும் வந்தது. ஆனால் வரி கட்டியவருக்குத்தான் ஓட்டு. வீடு இருந்தால் வீட்டு வரி, வீட்டு வரி கட்டினால் ஓட்டு, ஓட்டு இருந்தால் உன் தெருவுக்குச் சாக்கடை என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. பண்ணையார் நிலத்திலோ புறம்போக்கிலோ குடிசை போட்டிருந்தவருக்கு இதில் முதல் படியே கிடையாது. சேரிக்குச் சாக்கடை வராததற்குத் தனியாக யாரும் தீர்மானம் போட வேண்டியிருக்கவில்லை.

பிளேக்கும் அனுமதிச் சீட்டும்

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898இல் பெங்களூருக்கு வந்தது. பெங்களூரிலிருந்து வரும் ரயில் பாதையும் வண்டிப் பாதையும் அன்றைய சேலம் ஜில்லாவுக்குள் இறங்குகின்றன. நோயும் அவ்வழியே இறங்கியது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்குப் பெரிய அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து வருபவருக்குப் பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டு கொடுத்தார்கள். போய்ச் சேரும் ஊரில் பத்து நாள் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வீடு வீடாகச் சோதனை போட்டார்கள், ஊரைக் காலி செய்யவைத்து முகாமில் தங்கவைத்தார்கள்.

எலித் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் சோதனை செய்து சொன்னார். அரசாங்க மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அழுக்கும் நெரிசலும்தான் காரணம் என்று நம்பினார்கள். எலி எங்கே இருக்கும்? நெல்லும் கம்பும் சோளமும் மூட்டையாக அடுக்கியிருக்கும் மண்டியில் இருக்கும், குதிர் இருக்கும் வீட்டில் இருக்கும். அழுக்கைத் தேடிப் போன அதிகாரியோ முதலில் குடிசையின் கூரையைப் பார்த்தார். எலி பிடிக்கவும், பிணம் தூக்கவும், நோய் கண்ட வீட்டைக் கழுவவும் யார் அழைக்கப்பட்டார்கள் என்பதை இந்த அரங்கில் நான் விளக்கத் தேவையில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருக்கின்றன. பிளேக் காலத்தில் ஊரைச் சுத்தம் செய்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

லைசென்ஸ்

1920இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம் புதிதாக வந்தது. எந்தெந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அதன் பின்னிணைப்பு நீண்ட பட்டியல் போட்டது. தோல் பதனிடுவதும், தோல், எலும்பு, கொம்பு சேர்த்துவைப்பதும் அதில் உண்டு. நாற்றமும் நோயும் வரக்கூடிய தொழிலை ஒழுங்குபடுத்துவதில் தவறில்லை. பெரிய தோல் மண்டிக்காரர் கட்டணம் கட்டி லைசென்ஸ் எடுத்துவிடுவார். வீட்டு வாசலில் தொட்டி வைத்துத் தோல் ஊறப்போட்டு, குடியானவருக்குச் செருப்பும் கவலைப் பறியும் தைத்துக்கொடுத்த அருந்ததியருக்கு லைசென்ஸ் எடுக்கச் சொந்த இடம் எது? சட்டத்தின் கண்ணுக்கு அவர் தொழிலே சுகாதாரக் கேடு. அதே மனிதர் தோலை விட்டுவிட்டு நகராட்சி மலக்கூடையை எடுத்தால் அவர் சுகாதாரப் பணியாளர்.

அந்த வேலையை விட்டு அவ்வளவு சுலபமாக வெளியேறவும் முடியாத இடங்கள் இருந்தன. ஐக்கிய மாகாணம், பஞ்சாப் முதலான இடங்களின் நகராட்சிச் சட்டங்களில், துப்புரவாளர் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நின்றால் தண்டனை உண்டு. மற்ற தொழிலாளிக்கு ஒப்பந்த மீறலாக இருப்பது இவருக்கு மட்டும் குற்றமாகிறது என்று அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டி எழுதினார்.

அக்ரகாரத்துக் குழாய்

சேலம் நகருக்குப் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. 1917 முதல் 1919 வரை சி. ராஜகோபாலாச்சாரி நகராட்சித் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குப் பஞ்சமர் ஒருவர் அனுப்பப்பட்டார். தெருக்காரர்கள் எதிர்த்தார்கள், தலைவர் பின்வாங்கவில்லை. அவருடைய பிற்கால அரசியலில் நமக்குப் பெரிய மாறுபாடுகள் உண்டு. 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை நாம் மறக்கப்போவதில்லை. இருந்தாலும் இந்த ஒரு காரியத்தில் அவர் உறுதியாக நின்றார் என்பதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சம்பவத்தை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அக்ரகாரத்தில் குழாய் இருந்ததால்தான் அதை யார் திறப்பது என்ற சண்டை வந்தது. திறந்துவிட்டவர் வேலை முடிந்து தன் தெருவுக்குத் திரும்பியபோது அங்கே குழாய் இருந்ததா? தலைவர் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. சாவியைக் கையில் பிடித்து, வசவைக் காதில் வாங்கி, மறுநாளும் அதே தெருவுக்குப் போனவரின் பெயர் நான் படித்த நூல்கள் எதிலும் இல்லை.

1939: நல்ல சட்டம், யாருக்கு நோட்டீஸ்?

சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் 1937இல் மாகாணப் பிரதமரானார். அந்த ஆட்சியில்தான் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இத்தனை விரிவான சுகாதாரச் சட்டம் அதுதான் முதல். குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்றுநோய், கொசு ஒழிப்பு, திருவிழாக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. நகராட்சி தன் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2020இல் கொரோனா வந்தபோதும் தமிழ்நாடு அரசு கையில் எடுத்தது இந்தச் சட்டத்தைத்தான்.

இந்தச் சட்டத்தில் சுகாதாரக் கேடு எங்கே இருக்கிறதோ அங்கே அதை நீக்கச் சொல்லி நோட்டீஸ் தரலாம். கேட்டுக்குக் காரணமானவருக்குத் தரலாம், அல்லது இடத்தின் உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ தரலாம். சொந்த மனையில் இருப்பவருக்கு இது சாதாரண விஷயம். குழியை மூடுவார், சாக்கடை கட்டுவார். அடுத்தவன் மனையில் இருப்பவர் என்ன செய்வார்? நிலம் பண்ணையாருடையது. கக்கூஸ் கட்டினால் நிலத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று அவர் வழக்குப் போடுவார். கட்டாவிட்டால் சுகாதார ஆய்வாளர் வருவார். சுகாதாரப் பிரச்சினை என்று தொடங்கியது மனைத் தகராறாக முடியும். சேரியில் கொசுவும் ஈயும் ஏன் அதிகம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் நில ஆவணங்களில்தான் இருக்கிறது.

இதை அரசாங்கமும் அறிந்தே இருந்தது. 1920 வாக்கிலேயே தொழிலாளர் துறை மூலம் ஒடுக்கப்பட்டோருக்கு மனை வாங்கிக் கொடுக்கும் வேலை தொடங்கியது. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த பயிர்த்தொழிலாளருக்கும் வேளாண் கூலிகளுக்கும் அந்த மனையைச் சொந்தமாக்கியது. 1978இல் ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1994இல் நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது. இந்தச் சட்டங்களால் மனை பெற்ற காலனிகள் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் இருக்கின்றன. அவற்றை மறுக்கக் கூடாது.

ஆனால் என் அவ்வாவை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். அவர் வேளாண் கூலி அல்ல, ஊரைச் சுத்தம் செய்தவர். அவர் குடியிருந்ததும் பண்ணையார் நிலமல்ல, நகராட்சி நிலம். வயலில் உழைத்தவருக்கு மனை உண்டு என்ற சட்டம் தெருவில் உழைத்தவரைக் கணக்கில் எடுக்கவில்லை. லைன் வீடுகளில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தும் ஒரு செண்டுகூடச் சொந்தமில்லாத குடும்பங்கள் இப்படித்தான் உண்டாயின.

இன்றைய ஈயும் கொசுவும்

நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது. இன்று நாட்டுக்கே முட்டை அனுப்பும் ஊர். கோழிப் பண்ணையில் எரு ஈரமாகக் கிடந்தால், வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாளுக்குள் முட்டை ஈயாகிவிடும். எருவை உலர வைத்தால், உரிய நேரத்தில் அள்ளினால் பெரும்பகுதி குறையும். இதைச் செய்யும் பண்ணைகளும் உண்டு. செய்யாத பண்ணையின் ஈ காற்று வாக்கில் போய் உட்காருவது பண்ணைக்காரர் வீட்டில் அல்ல, மலிவான மனையில் இருக்கும் காலனிச் சோற்றுப் பானையில். புகார் கொடுக்கப் போனால், அந்தப் பண்ணையில்தான் காலனிக்காரருக்குக் கூலி என்பதை முதலில் நினைவூட்டுகிறார்கள்.

கொசு விஷயத்துக்கு வாருங்கள். டெங்கு என்றதும் வீடு வீடாக வந்து தொட்டியில் அபேட் மருந்து ஊற்றிப் போகும் பெண்களைப் பார்க்கிறோம். பெரும்பாலும் நாள் கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேலை செய்பவர்கள். மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்து ஒப்பந்தத்துக்கு வழிவிடுகிறது என்று 2022ஆம் ஆண்டின் அரசாணை 152ஐத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 1993இலும் 2013இலும் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டங்கள் வந்தன. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. சாவு நிற்காததால்தான் தொகையை உயர்த்த வேண்டியிருக்கிறது.

கிராமத்தில் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் தரும் திட்டமும் இருக்கிறது. நல்ல திட்டம். அதைக் கட்ட இடம் வேண்டும். மறுபடியும் பட்டாவுக்கே வந்து நிற்கிறோம்.

செய்ய வேண்டியது

தோழர்களே, லைசென்ஸ், மனை, பூச்சி ஒழிப்பு மூன்றும் ஒரே அலுவலகத்தின் வேறு வேறு மேசைகள். மூன்று மேசையிலும் நம் மக்கள் நோய்க்குக் காரணமானவர்களாகவோ நோயைத் துடைக்கும் கைகளாகவோதான் பதிவாகியிருக்கிறார்கள். நலம் கேட்கும் உரிமையுள்ள குடிமக்களாகப் பதிவாகவில்லை. தாத்தா 1924இல் கேட்டது அந்த உரிமையைத்தான். கிணற்றைத் தொடும் உரிமையை அவர் வாங்கித் தந்தார். கிணறு வெட்டிக்கொள்ள ஒரு மனை வேண்டும் என்பதை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வேலைகளை இந்த அரங்கின் முன் வைக்கிறேன். முதலாவது, நகராட்சி, பேரூராட்சி லைன் வீடுகளில் தலைமுறையாக வாழும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் கணக்கை நாமே எடுப்போம். அவர்களுக்கு அதே இடத்தில் மனைப்பட்டா தர 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்ற ஒரு சட்டம் வேண்டும் என்று கோருவோம். இரண்டாவது, பழைய நகர்மன்றத் தீர்மானப் புத்தகங்களும் சம்பளப் பட்டியல்களும் அலுவலக மூலைகளில் கரையான் அரிக்கக் கிடக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் படியெடுப்போம். பிளேக் காலத்தில் எலி பிடித்தவர், அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்தவர், எடுப்புக் கக்கூஸ் கூடை சுமந்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்காவது ஒரு சம்பளப் பட்டியலில், கைநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடும். அதைத் தேடுவது நம் இலக்கிய வேலையும்தான்.

அவ்வாவின் நோட்டீஸ் இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் அவர் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். சரியான பெயரில் ஒரு பட்டா வரும்வரை அதைக் கிழிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

ஜெய்பீம்.