விறாந்தையில் உருண்ட கொழுந்து

கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டைப் பக்கம் இருக்கிறது லூல்கந்துரத் தோட்டம். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரை இலங்கைத் தேயிலையின் தந்தை என்று சொல்லியே பழகிவிட்டோம். தந்தை என்ற பட்டம் ஒருவரைத் தூக்கி நிறுத்தும்போது சுற்றி நின்றவர்களை இருட்டில் தள்ளிவிடுகிறது. மலைநாட்டின் தொழில் வரலாற்றை இதுவரை காடு வெட்டியவர், முதல் போட்டவர், கப்பலேற்றியவர் என்றே எழுதியிருக்கிறார்கள். ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது, அது தேறுமா என்று தெரியாத நாட்களில், பக்கத்தில் நின்று பார்த்தவர், கேள்வி கேட்டவர், அரைகுறையாக வந்ததையும் வாங்கிக் குடித்துப்பார்த்தவர், இவர்களுக்கு அந்த வரலாற்றில் இடமில்லை. அவர்களும் செய்தவர்களே என்பது என் கட்சி. தேயிலைக் கொழுந்தை உருட்டும் இயந்திரமான ரோலரின் கதை இதற்குப் போதுமான சான்று தருகிறது.

டெய்லர் ஸ்கொட்லாந்தில் ஒரு சக்கரத் தச்சரின் மகன். 1852இல், பதினேழு வயதை எட்டும்போது இலங்கைக்கு வந்தவர். கோப்பி தெரிந்த அவருக்குக் கொழுந்தை என்ன செய்வதென்று தெரியாது. இந்தியாவில் காச்சார் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நோபிள் என்ற துரை வழியில் லூல்கந்துரவில் தங்கினார். பங்களாத் தோட்டத்தில் நின்ற சில பழைய தேயிலைச் செடிகளில் கொழுந்து கிள்ளி, வாட்டி, உருட்டிக் காட்டிவிட்டுப் போனார். தொடக்கம் அவ்வளவுதான். பிறகு பங்களாவே ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஆனது. விறாந்தையில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை அழுத்திக் கொழுந்தை உருட்டினார்கள்; மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் பரப்பிக் காயவைத்தார்கள். அந்தத் தூளை அக்கம்பக்கத்துத் துரைமார் இறாத்தல் ஒன்றரை ரூபாய்க்கு வாங்கிக் குடித்தார்கள். லண்டன் அந்தத் தேயிலையை மதிப்பதற்கு முன்பே பக்கத்து மலைக்காரர்கள் காசு கொடுத்து மதித்திருக்கிறார்கள். 1872 மார்ச்சில் டெய்லர் எழுதிய ஒரு கடிதத்தில், கொழுந்து உருட்டத் தானே யோசித்த ஒரு இயந்திரம் கண்டியில் தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி இருக்கிறது. இயந்திரம் இன்னும் முடியவில்லை. சரிவரும் என்று நம்பினாலும் உறுதியில்லை. செய்து முடித்தவனின் பெருமை அந்தக் கடிதத்தில் கிடையாது. வேலை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று, தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்குச் சொல்லும் குரல்தான் அதில் இருக்கிறது. மறு வருஷம் லூல்கந்துரவிலிருந்து 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது.

பாதியில் நிற்கும் வேலைக்கு ஆதரவு கிடைப்பதும் கிடைக்காததும் என்ன செய்யும் என்பதை வேறொரு துறையிலும் பார்க்கலாம். அந்தக் கடிதத்துக்கு ஏழு மாதம் முன்பு, 1871 ஆகஸ்ட் 18ஆம் திகதி, பாரிஸின் துய்லரி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் முறுக்கிய ரப்பர் பட்டியால் ஓடும் ஒரு சின்ன மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். பதினொரு விநாடியில் அது 180 அடிக்குச் சற்று அதிகமாகப் பறந்தது. பார்த்தவர்கள் வான்பயணச் சங்கத்து உறுப்பினர்கள். ஆனால் 1876இல் ஆளேறும் முழு விமானத்துக்கு அவர் வரைபடம் போட்டபோது அதைக் கட்டப் பணமும் ஆதரவும் தர ஆள் கிடைக்கவில்லை. 1880இல், முப்பது வயதில், அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய அமைப்பில் செய்த ரப்பர் பட்டி விளையாட்டுப் பொருள் ஒன்றை 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்கு வாங்கிவந்தார். அந்தப் பிள்ளைகள் ரைட் சகோதரர்கள். 1900 மே மாதம் வில்பர் ரைட், சிகாகோ எஞ்சினியர் ஒக்டேவ் ஷனூட்டுக்கு முதல் கடிதத்தை எழுதினார். அதன்பின் பத்து வருஷத்தில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் இருவருக்குமிடையே போய்வந்தன. 1901இல் கிளைடர் எதிர்பார்த்தபடி ஏறாமல் வில்பர் சோர்ந்துபோனபோது, அதே செப்டம்பரில் சிகாகோவில் எஞ்சினியர்கள் முன்னால் பேச அழைத்தவர் ஷனூட். அவர் இறக்கையில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. பெனோவுக்கும் வில்பருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைத் திறமையால் மட்டும் அளந்துவிட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேயிலையைக் கொண்டுவந்தது நோய், நட்பு அல்ல என்பார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் தெரிந்த துரு, பதினைந்து வருஷத்துக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. வேறு வழியில்லாதவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். இதில் கூட நின்றவர்கள் தந்த ஊக்கத்துக்கு என்ன வேலை? ஆனால் டெய்லரின் 19 ஏக்கர் துருவுக்கு முந்தியது. தேவை பரவலை விளக்கும், தொடக்கத்தை விளக்காது. பரவலிலும் அது பாதியைத்தான் விளக்குகிறது. கோப்பி போனபோது பலர் முதலில் ஓடியது சின்கோனாவுக்கு. விலை விழுந்ததும் அதுவும் கைவிட்டது. தேயிலைக்கு வந்தவர்களுக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தோட்டம் ஏற்கெனவே இருந்தது. 1881இல் ஜோன் பெர்குசன் கொழும்பில் தொடங்கிய 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' மாதப் பத்திரிகையில் தோட்டத்துரைமார் தங்கள் சோதனைகளை எழுதினார்கள், மற்றவர் எழுதியதற்குப் பதில் போட்டார்கள். ஜோன் வோக்கர் கம்பெனி 1880இல் ரோலர் செய்யத் தொடங்கியது. 1884இல் நுவரெலியாவின் பெயாரிலண்ட் தோட்டத்தில், இன்று பீட்ரு என்று தெரிகிற இடத்தில், மத்திய தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. விறாந்தை மேசையிலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு வர பதினைந்து வருஷம்கூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே கண்டுபிடித்திருந்தால் இந்த வேகம் வந்திராது.

ஊக்கம் என்பது பொய்த்துப்போகும், அதை நம்பி வரலாறு எழுதலாமா என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1891இல் தோட்டத்துரைமார் சங்கம் டெய்லரின் பணியைப் பாராட்டி வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் கொடுத்தது. அடுத்த வருஷமே தோட்ட நிர்வாகம் அவரை வெளியே போகச் சொன்னது. போக மறுத்த அவர் 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துரவிலேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். ஷனூட்டும் ரைட் சகோதரர்களும் கடைசியில் காப்புரிமை விஷயத்தில் மனம் கசந்தார்கள். ஆனால் வெள்ளிப் பாத்திரத்தை நான் ஊக்கத்தின் கணக்கில் சேர்க்கவில்லை. பரிசு வேலை முடிந்தபின் வருவது. அது கொடுப்பவருக்கும் பெருமை சேர்க்கும். கூட நிற்பது வேலை பாதியில் கிடக்கும்போது நடப்பது. அப்போது அதில் யாருக்கும் பெருமை இல்லை. நோபிள் காட்டிக்கொடுத்த அந்த ஒரு பொழுதும், பக்கத்துத் தோட்டத்தார் கொடுத்த ஒன்றரை ரூபாயும் பின்னால் வந்த கசப்பால் அழிந்துவிடவில்லை. அவை தம் வேலையை முடித்திருந்தன.

என் வாதத்தை உண்மையில் உலுக்குகிற கேள்வி வேறு. கடிதம் எழுதியவரும் துரை, படித்தவரும் துரை, பத்திரிகை போட்டவரும் அவர்கள் ஆள். விறாந்தை மேசையில் கையை அழுத்தி உருட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர்கள். ரோலர் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். இரண்டு பரப்புகளுக்கு நடுவே கொழுந்தை வைத்து, நசுங்கிச் சாறு கசிய வேண்டும், ஆனால் கூழாகக் கூடாது என்ற அளவில் அழுத்தி வட்டமாக ஓட்டுகிறது. அந்த அளவு முதலில் இருந்தது முன்னங்கையில். எவ்வளவு வாடிய கொழுந்துக்கு எவ்வளவு பாரம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்ததைத்தான் இரும்பு கற்றுக்கொண்டது. அவர்களிடம் யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. இது என் கட்சியைத் தோற்கடிக்கிறதா? இல்லை, அதை இன்னும் கனமாக்குகிறது. திறமை இரண்டு பக்கமும் இருந்தது. தொடர்ந்து கவனிக்கும் கண் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அது இருந்த பக்கத்தில் கண்டுபிடிப்பாளர் என்று ஒருவர் உருவானார், இல்லாத பக்கத்தில் 'ஆள்' என்ற எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. டெய்லரின் உடலைக் கண்டி மஹய்யாவ மயானத்துக்குத் தோளில் சுமந்துபோனது பன்னிரண்டு பேராக மாறி மாறித் தூக்கிய இருபத்துநான்கு பேர். சுமந்தவர்கள் அவரைச் 'சாமி துரை' என்று அழைத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.

மலைநாட்டுத் தமிழில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுவது சம்பளத்துக்காக. இன்னார் கை எதில் கெட்டி என்று குறிக்க அதில் கட்டம் கிடையாது. கண்டி ஹந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலையில் அமைந்திருக்கும் அருங்காட்சியகத்தில் டெய்லர் நினைவாகப் பொருட்கள் வைத்திருக்கிறார்கள். பழைய ரோலர்களும் அங்கே நிற்கின்றன. மேசையில் முன்னங்கையை அழுத்தி உருட்டியவர்களுக்கு அன்றைக்கு விழுந்தது ஒரு பேர்.