மென்பொருளில் ஒரு பாகப்பிரிவினை

சேர்வராயன் மலையைத் தினமும் பார்த்துக்கொண்டே படித்தவர்கள் நாம். ஏற்காட்டுக்கு மேலே, 5,300 அடி உயரத்தில் இருக்கும் அந்தக் குகைக் கோயிலுக்கு ஒரு முறையாவது போகாதவர்கள் நம்மில் குறைவு. அங்கே மே மாதத் திருவிழாவுக்குக் கூடும் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலைகளின் பூர்வகுடி மக்கள்) தங்கள் முன்னோரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் வழியில் பிரிந்துபோனார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினார். மற்ற இருவரில் ஒருவர் கொல்லிமலை, ஒருவர் பச்சைமலை. எவர் எந்த மலை என்பதில் கதைக்குக் கதை வித்தியாசம் உண்டு. ஆக, அண்ணன் தம்பிகள் மட்டுமல்ல, கதையும் பிரிந்திருக்கிறது!

திறமூல மென்பொருள் உலகில் இப்படிப் பிரிவதற்கு 'ஃபோர்க்' என்று பெயர். ஒரு திட்டத்தின் மூலநிரலை அப்படியே எடுத்துக்கொண்டு, வேறு பெயரில், வேறு தலைமையில் தனிக்குடித்தனம் போவது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஃபோர்க் என்றால் கிட்ஹப்பில் இருக்கும் ஒரு பட்டன்தான் ஞாபகம் வரும். அது வேறு. அது நண்பனின் நோட்டை வாங்கி, நகல் எடுத்து, தப்பைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பது போல. நான் சொல்ல வந்தது திருப்பிக் கொடுக்காத பிரிவைப் பற்றி.

நம் ஊரில் பாகப்பிரிவினை என்றால் ஆறு ஏக்கர் மூன்றாகும். ஆளுக்கு இரண்டு ஏக்கர். மென்பொருளில் விசித்திரம் என்னவென்றால், பிரிந்து போகும் தம்பிக்கும் ஆறு ஏக்கர், வீட்டில் இருக்கும் அண்ணனுக்கும் ஆறு ஏக்கர். உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படியானால் நஷ்டம் யாருக்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நிலம் பிரிவதில்லை, உழுகிற கைகள் பிரிகின்றன. பத்துப் பேர் பார்த்த வேலையை ஒரு பக்கம் ஏழு பேரும் மறு பக்கம் மூன்று பேரும் பார்க்க வேண்டும். பெயர் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த சிக்கல்.

கைகள் சேர்ந்தே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜிசிசி கதையைச் சொல்ல வேண்டும். லேபில் சி புரோகிராம் எழுதிய எல்லோரும் பயன்படுத்திய கம்பைலர்தான் அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டார். பத்து வருஷத்தில் அதை மேம்படுத்த ஆட்கள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் உள்ளே எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் கதவு மட்டும் ரொம்பக் குறுகலாக இருந்தது. எழுதிய மாற்றங்கள் வெளிவராமல் தேங்கின. 1997இல் ஒரு குழு பொறுமை இழந்து, ஈஜிசிஎஸ் என்று தனியாகக் கடை விரித்தது. (அந்தப் பெயரை 'எக்ஸ்' என்று, முட்டை மாதிரியே உச்சரிப்பார்களாம்.) தேங்கிக் கிடந்த மாற்றங்களெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. வேலை தெரிந்தவர்களும் அங்கேதான். 1999 ஏப்ரலில் தாய் நிறுவனமே இறங்கிவந்து, இனி ஈஜிசிஎஸ்தான் அதிகாரப்பூர்வமான ஜிசிசி என்று அறிவித்தது. கோபித்துக்கொண்டு போன பிள்ளை குடும்பத் தலைவனாகத் திரும்பி வந்த கதை. இன்று நாம் ஓட்டும் ஜிசிசி அந்தப் பிள்ளையின் வம்சம்.

எல்லாப் பிரிவும் இப்படிச் சேர்வதில்லை. ஓப்பன் ஆபீஸைப் பாருங்கள். 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது; ஓப்பன் ஆபீஸும் அதோடு கைமாறியது. அதன் தன்னார்வலர்களில் பெரும்பகுதி அந்த செப்டம்பரிலேயே டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி லிப்ரே ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். ஆரக்கிள் 2011இல் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சியிடம் ஒப்படைத்தது. கைகள் ஒரு பக்கம், பெயர் இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. விளைவு? பழைய பெயரை மட்டுமே தெரிந்தவர்கள் பல வருஷம் பழையதையே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யக்கூட ஆள் போதவில்லை. 2016இல் திட்டத்தையே மூடிவிடலாமா என்று அதன் நிர்வாகத்திலேயே பேச்சு எழுந்தது. மூடவில்லை. பிரிவினால் உண்டான உண்மையான ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான்: சண்டை போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது; சண்டை நடந்ததே தெரியாத பயனாளி மாட்டிக்கொள்வார்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் 'பாஸ்' என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். தமிழும் மற்ற இந்திய மொழிகளும் முதல் நாளிலிருந்தே திரையில் வரவேண்டும், அரசு அலுவலகங்கள் உரிமக் கட்டணம் இல்லாமல் வேலை பார்க்கவேண்டும் என்பது நோக்கம். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இதையும் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை மாணவர்கள் அந்தப் பக்கம் பூட் செய்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்!

பாஸ் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1993இல் இயன் மர்டாக் ஆரம்பித்த டெபியனின் வழிவந்தது. உபுண்டுவுக்கு ஒரு வகையில் சகோதரன். இதைக் கேட்டதும் 'அட, காப்பிதானா?' என்று உதடு பிதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பியாக, அதாவது தாய்வீட்டோடு ஒட்டியே இருப்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். பாஸ் 5 டெபியன் 7இன் மேல், பாஸ் 6 டெபியன் 8இன் மேல் என்று ஒவ்வொரு முறையும் புதிய டெபியனை எடுத்து, தன் சேர்க்கைகளை அதன்மேல் வைக்கிறது. ஏன் அப்படி? டெபியனில் ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க ஆயிரம் பேருக்குமேல் அவற்றைப் பராமரிக்கிறார்கள். ஒரு நிரலில் ஓட்டை என்று தெரிந்ததும் அவர்கள் ஒட்டுப்போடுகிறார்கள். நம்முடைய நகலில் அந்தக் கோப்பு மாறாமல் இருந்தால் அதே ஒட்டு நமக்கும் அப்படியே பொருந்தும். நாம் அதில் கை வைத்திருந்தால் பொருந்தாது. உட்கார்ந்து கையால் சேர்க்க வேண்டும். ஒரு கோப்பு என்றால் ஒரு சாயங்காலம். ஆயிரம் கோப்பு என்றால் ஒரு அலுவலகமே வேண்டும். விலகிப் போகும் ஒவ்வொரு வரிக்கும் வருஷா வருஷம் வட்டி கட்டியாக வேண்டும்.

ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியபோதும் இதே கணக்குதான். அது ஆண்ட்ராய்டின் திறமூலப் பகுதியிலிருந்து வந்தது. 'சுதேசி' என்று பத்திரிகைகள் கொண்டாடின; 'ஆண்ட்ராய்டுதானே' என்று சிலர் கிண்டலடித்தார்கள். இரண்டு பேரும் கேட்க மறந்த கேள்வி: கூகுள் மாதாமாதம் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்துச் சேர்க்க எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பிரிந்து கிடப்பதன் கஷ்டம் தமிழனுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் அடித்த மூத்தவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். அவை ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை அல்ல, ஆகவே கறாராகச் சொன்னால் ஃபோர்க் அல்ல. ஆனால் பட்ட பாடு ஒன்றுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. விசைப்பலகை ஒன்றாகிவிட்டது, அதுதான் தமிழ்99. குறியீடோ 'டாம்', 'டாப்' என்று இரண்டாக வெளியே வந்தது! இணையத்தில் டிஸ்கி என்று மூன்றாவது ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 2010இல் அரசு யூனிகோடை ஏற்றபோதும் கூடவே டேஸ் 16 என்பதற்கும் ஆணையில் இடம் கொடுத்தது. யூனிகோடு வென்றதற்குக் காரணம் அது குறையில்லாதது என்பதல்ல; எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருந்தது என்பதுதான்.

இவ்வளவு சொன்னதால் நான் பிரிவுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். பிரிய முடியும் என்ற பயம் இல்லாவிட்டால் பெரியண்ணன்கள் நியாயமாக நடப்பதில்லை. 2021இல் எலாஸ்டிக் சர்ச் தன் உரிமத்தை இறுக்கியது; அமேசான் ஓப்பன் சர்ச் என்று பிரித்துக்கொண்டு போனது. 2024 மார்ச்சில் ரெடிஸ் அதையே செய்தது. சில நாட்களுக்குள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் வால்கீ பிறந்தது. எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் மறுபடியும் ஒரு திறமூல உரிமத்தைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. வக்கீல் நோட்டீசால் நடக்காதது தனிக்குடித்தனத்தால் நடந்தது.

கடைசி வருட புராஜெக்டுக்குத் 'தமிழுக்கென்று சொந்தமாக ஒரு லினக்ஸ்' செய்யப்போவதாக ஜூனியர்கள் அவ்வப்போது என்னிடம் சொல்வதுண்டு. செய்யுங்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நான் பதிலுக்குக் காட்டுவது, எம்17என் என்ற தொகுப்பில் இருக்கும் தமிழ்99 விசைப்பலகைக் கோப்பை. மிகச் சின்னக் கோப்பு. யாரோ ஒருவர் அதைத் தாய்வீட்டிலேயே சேர்த்துவிட்டார். அதனால் டெபியனிலும் உபுண்டுவிலும் ஃபெடோராவிலும், அந்தத் தொகுப்பை நிறுவினால் போதும், தமிழ்99 தட்டச்சு கிடைத்துவிடுகிறது. இந்தக் கட்டுரையையும் அதில்தான் அடித்தேன்.